மாத்திரை வந்த பிறகும் கட்டில் எதற்கு? அருட்சகோதரிகளின் எய்ட்ஸ் இல்லங்கள் செய்யும் வேலை

எச்ஐவிக்கு இன்று நாளொன்றுக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த அந்த மாத்திரை அரசின் ஏஆர்டி (எச்ஐவி கூட்டு மருந்து சிகிச்சை) மையங்களில் காசில்லாமல் கிடைக்கிறது. விடாமல் போட்டுவந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் கருவிக்கே தட்டுப்படாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கி நிலைத்தவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. பிறகு கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்தும் எய்ட்ஸ் இல்லங்களில் இன்னமும் கட்டில் போட்டு வைத்திருப்பது எதற்கு? நன்கொடை தருபவர்கள் கேட்கிறார்கள். மறைமாவட்ட அலுவலகத்திலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டில் வைரஸுக்காகப் போட்டதில்லை. பெரியாஸ்பத்திரியில் "இனி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் நாளுக்கும், அந்த மனிதர் தன் கையால் சோறு அள்ளித் தின்று தன் காலால் கழிப்பறைக்குப் போய்வரும் நாளுக்கும் நடுவில் ஆறு வாரமோ மூன்று மாதமோ கிடக்கிறது. அந்த இடைவெளிக்குப் போட்ட கட்டில் அது.

தொடக்கத்தில் இந்த வேலை வேறாக இருந்தது. 1985 டிசம்பர் 24 அன்று நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், ஒரு பங்குக் கோயிலின் குருமனையில், அன்னை தெரசாவின் பிறர் அன்பின் பணியாளர் சபை 'அன்பின் கொடை' என்ற இல்லத்தைத் திறந்தது. முதலில் வந்த மூவர் சிங் சிங் சிறையில் எய்ட்ஸ் முற்றிக் கிடந்த கைதிகள். மருந்தே இல்லாத காலம் அது. முதல் மருந்தான ஜிடோவுடினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1987-இல். ஆகவே அந்த இல்லம் கொடுக்க முடிந்தது குளிப்பாட்டல், கஞ்சி, பக்கத்தில் ஒரு ஆள், கடைசியில் ஒரு கல்லறை. அவ்வளவுதான்.

இந்தியாவில் முதல் தொற்று தெரியவந்தது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் முதுகலை படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது பிடிபட்டது. தொண்ணூறுகளில் தாம்பரம் சானடோரியம் என்ற அரசு நெஞ்சுநோய் மருத்துவமனைதான் தமிழ்நாட்டுக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் போக்கிடமாக இருந்தது. அங்கிருந்து வெளியே வந்து போக வழியில்லாதவர்களை ஏற்றுக்கொண்டவர்களில் முக்கியமானவர்கள் அருட்சகோதரிகள். அவர்களில் பலருக்குத் தொழுநோய் இல்லங்களில் பழகிய கை. புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காத பயிற்சி அங்கிருந்து வந்தது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது: உள்ளே வந்தவர் உள்ளேயே இருப்பார் என்ற எண்ணம். சுற்றுச்சுவர், சொந்தக் கல்லறைத் தோட்டம், ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் என்று கட்டடங்கள் அந்த எண்ணத்திலேயே எழும்பின. இன்றைக்கும் சில இல்லங்களின் சிக்கல் அந்தச் சுவரில்தான் தொடங்குகிறது.

மருந்து விலை உடைந்தது 2001-இல். ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு 350 டாலர் என்ற விலையில் மூன்று மருந்துச் சேர்க்கையைத் தர இந்திய மருந்து நிறுவனமான சிப்லா முன்வந்தது. அதற்குமுன் வெளிநாட்டு நிறுவனங்களின் விலை 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. 2005-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை எச்ஐவி பற்றித் தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2007-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 'சமூகப் பராமரிப்பு மையம்' என்ற பெயரில் சிறு உள்நோயாளி இல்லங்களுக்கு அரசுவழிப் பணம் வந்தது. அடிப்படை அளவு பத்துக் கட்டில். மருந்து தொடங்குபவர் அங்கே ஐந்து நாளாவது தங்கிப் பக்கவிளைவும் மாத்திரை ஒழுங்கும் பழகிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின் பணம் ஆயர் பேரவை வழியாகவும் இத்தகைய பல மையங்களுக்குப் போனது. 2013-இல் அந்த ஏற்பாடு முடிந்தது. அதற்குப் பதில் வந்த பராமரிப்பு ஆதரவு மையங்களில் ஆலோசகர் உண்டு, களப்பணியாளர் உண்டு, கட்டில் கிடையாது.

அரசின் கணக்கு பெரும்பாலோரைப் பொறுத்தவரை சரி. சிடி4 எண்ணிக்கை (எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் ரத்த அணுக் கணக்கு) 200-க்குக் கீழே போனால்தான் மருந்து என்றிருந்த விதி 350, 500 என்று ஏறி, 2017-இல் 'கண்டறிந்தவுடன் மருந்து' என்றாகிவிட்டது. உடம்பு தெம்பாக இருக்கும்போதே மருந்து தொடங்குபவருக்குக் கட்டில் தேவையில்லை. தேவைப்படுகிறவர் வேறு ஆள். இருமி இருமி ஓடாகி, காசநோய் வார்டில்தான் முதன்முதலாகப் பரிசோதனை செய்யப்பட்டவர். மருந்தை நடுவில் விட்டு இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பியவர். பக்கவாதமோ மனநோயோ சேர்ந்தவர். அறுபதைத் தாண்டிப் பார்க்க ஆளில்லாதவர். எண்ணிக்கையில் குறைவு, வேலையில் அதிகம்.

யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது

நல்ல இல்லத்தின் முதல் அடையாளம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருப்பது. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், நாடித்துடிப்பு 120-க்கு மேல், காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல், பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாமை: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அது அபாயக் குறி, பெரியாஸ்பத்திரிதான் இடம். நான்காவது மட்டும் நாள்பட்ட பலவீனத்தால் என்று மருத்துவர் பார்த்து எழுதியிருந்தால் சேர்க்கலாம். தலைவலியும் வாந்தியும் மயக்கமுமாக வருபவரை 'சத்துக் குறைவு' என்று படுக்க வைப்பதுதான் இங்கே நடக்கும் மிக மோசமான தவறு. அது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். முதுகுத்தண்டு நீரைத் திரும்பத் திரும்ப எடுத்து மூளையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டிய நோய் அது. இல்லத்தில் வைத்துச் செய்யும் காரியமில்லை. அந்த நிலையில் ஏஆர்டி மாத்திரையை அவசரப்பட்டுத் தொடங்கினால் அதுவே ஆளைக் கொல்லக்கூடும். நான்கு முதல் ஆறு வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள்.

சேர்க்கும் நாளில் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்: நம்பிக்கை மையத்தின் (அரசின் எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையம்) பரிசோதனை முடிவு, ஏஆர்டி எண் உள்ள நோயாளிப் புத்தகம், கடைசி சிடி4, சளிப் பரிசோதனை முடிவு, மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு, ஆதார். முதல் மூன்றும் இல்லாமல் வருபவரை முதலில் நம்பிக்கை மையத்துக்கே கூட்டிப்போக வேண்டும். 'ஆளைப் பார்த்தாலே தெரிகிறது' என்று சேர்த்துக்கொண்டு, பிறகு எச்ஐவியே இல்லை என்று தெரிந்தால் அந்த மனிதருக்கு ஊரில் நேர்ந்த அவமானத்தைத் திருப்பி எடுக்க முடியாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதோ, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதோ 2017-ஆம் ஆண்டு எச்ஐவி எய்ட்ஸ் சட்டப்படி கூடாது. அந்தச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது.

தாள்களை வைத்துவிட்டு முதலில் பார்க்க வேண்டியது வாய். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சை. விழுங்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் வலிக்கிறது என்றால் அது உணவுக்குழாய்க்கும் இறங்கிவிட்டது. 'சாப்பிட மாட்டேன் என்கிறார், மனசு விட்டுப்போச்சு' என்று ஆலோசகரிடம் அனுப்பப்படுபவர்களில் பலருக்கு வேண்டியது ஆலோசனை இல்லை, ஃப்ளுகொனசோல் என்ற பூஞ்சை மருந்து. வாய்க்கு மட்டும் என்றால் ஒன்றிரண்டு வாரம், உணவுக்குழாய் என்றால் இரண்டு மூன்று வாரம். மூன்றாம் நாளே அவர் சாப்பாடு கேட்பார்.

வார்டுக்குள்

சாப்பாட்டில் அளவு முக்கியம். எச்ஐவியோடு காய்ச்சலோ காசநோயோ சேர்ந்தவருக்கு வழக்கத்தைவிட 20 முதல் 30 சதவீதம் கூடுதல் கலோரி வேண்டும். எடை இறங்கும் குழந்தைக்கு 50 முதல் 100 சதவீதம் கூடுதல். மூன்று வேளைத் தட்டில் இதை அடைக்க முடியாது. எலும்பும் தோலுமாக வந்தவருக்கு முதல் நாளே தட்டு நிறையச் சோறு போடுவது பாசமாகத் தெரியும், ஆனால் ஆபத்து. பட்டினி கிடந்த உடம்பு திடீரென்று நிறையச் சாப்பாட்டைக் கண்டால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே தடுமாறும். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் அரைக் கிண்ணம்: சத்துமாவுக் கஞ்சி, நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறு, அவித்த முட்டை. காரமும் புளியும் வாய்ப்புண் ஆறிய பிறகு. எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்த பின், ஒரே மாதிரி உடையில் பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்து எழுதிய எடைத் தாளைப்போல ஏஆர்டி மருத்துவருக்கு உதவுவது வேறில்லை.

படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லா இல்லத்திலும் சுவரில் எழுதியிருக்கும். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு, காதுமடல் ஆகிய இடங்களில் சிவப்பு தெரிந்தால் அங்கே எண்ணெய் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் உள்ளே நசுங்கிய சதை கிழியும். அந்தப் பக்கம் பாரம் விழாமல் வைத்தால் போதும்.

தொற்றுத் தடுப்பில் தேவையில்லாத சடங்குகள் நிறைய, தேவையானவை கொஞ்சம். தனித் தட்டு, தனி டம்ளர், தனிக் கழிப்பறை எதுவும் வேண்டாம். அவற்றால் பயன் இல்லை, மனசுதான் நோகும். ரத்தமோ மலமோ பட்ட துணியை மட்டும் பிரித்துத் துவைத்தால் போதும். ரத்தம் கொட்டினால் அதன்மேல் துணியைப் போட்டு, 1 சதவீத குளோரின் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது விட்டுத் துடைக்க வேண்டும். 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரானால் லிட்டருக்கு 33 கிராம். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். மூடாத டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது. கழிப்பறை ஆசிடோடு இதைச் சேர்த்தால் விஷ வாயு கிளம்பும். கழிப்பறை கழுவுகிறவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமல் விடுவது இதைத்தான்.

ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடுவது பல குத்துகளுக்குக் காரணம். குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, பிளீச்சிங் ஊற்றக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு ஏஆர்டி மையத்துக்குக் கிளம்ப வேண்டும். தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் தொடர வேண்டும். ஒரு குத்தில் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். மஞ்சள்காமாலை பி வைரஸுக்கு இது பல மடங்கு அதிகம், அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. ஆனாலும் எச்ஐவிக்குப் பயந்து இரண்டு கையுறை போடுகிற இல்லத்தில் பி தடுப்பூசி போடாத பணியாளர் இருப்பார்.

உண்மையான ஆபத்து காற்றில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரி என்ற கிராமப்புறத்தில் 2005–06-இல் தீவிர மருந்து எதிர்ப்புக் காசநோய் 53 பேருக்குக் கண்டறியப்பட்டது. 52 பேர் இறந்தார்கள். எச்ஐவி பரிசோதனை செய்யப்பட்ட 44 பேரும் பாசிட்டிவ். மருத்துவமனைக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது பெரும் காரணம். சிடி4 இறங்கியவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைக்கும் எந்த இல்லமும் இதை மறக்கக் கூடாது. செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தே வைப்பது, குளிர்காலத்திலும். சளியை அறைக்குள் வாங்காமல் வெயிலில் வெளியே வைத்து வாங்குவது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் எல்லோரிடமும் விடாமல் கேட்பது. இருமுகிறவரைச் சளி முடிவு வரும்வரை தனியறையில் வைப்பது. வார்டைவிடச் சிற்றாலயமும் டிவி அறையும்தான் கவனிக்க வேண்டிய இடங்கள்; எல்லோரும் ஒரு மணி நேரம் கதவடைத்து உட்காருவது அங்கேதான். மாலைச் செபமாலையை மரத்தடிக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

மருந்து தொடங்கிய பின் வரும் குழப்பம்

மாத்திரை தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் சிலர் தேறுவதற்குப் பதில் மோசமாவார்கள். கழுத்துக் கட்டி பெருக்கும், காய்ச்சல் திரும்பும், இருமல் கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று குடும்பமும் நோயாளியும் முடிவு கட்டுவார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு: படுத்துக் கிடந்த எதிர்ப்புச் சக்தி எழுந்து, ஏற்கெனவே உள்ளே பதுங்கியிருந்த காசநோய்க் கிருமியோடு சண்டை போடுகிறது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் இருந்திருந்தால் அவர் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பார். கட்டிலின் பயன் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று மருந்துகளின் மோதல். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், டொலுடெக்ராவிரை ரத்தத்திலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். ஆகவே காசநோய் மருந்து ஓடும்வரையிலும் அது முடிந்த பின் இரண்டு வாரமும், வழக்கமான மாத்திரையோடு பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தனியாக ஒரு 50 மி.கி. டொலுடெக்ராவிர் கொடுக்க வேண்டும். இரவு மாத்திரை வெறும் சத்து மாத்திரைபோலச் சின்னதாக இருப்பதால் தவறிப்போகும். இரும்பு, கால்சியம், அமிலநீக்கி மருந்துகளும் இதைக் கெடுக்கும்; டொலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ கொடுக்க வேண்டும். ரத்தசோகை என்று எல்லோருக்கும் காலையில் இரும்பு மாத்திரையையும் ஏஆர்டி மாத்திரையையும் வெறும் வயிற்றில் ஒரே மூடியில் போட்டு நீட்டுவது பல இல்லங்களில் நடக்கும் தவறு. இரும்பை மதியத்துக்குத் தள்ளலாம்; இரவிலும் டொலுடெக்ராவிர் உண்டென்றால் ஆறு மணி நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏஆர்டி காலை எட்டுக்கு என்றால் இரும்பைப் பத்துக்கு மேல் கொடுக்கலாம். மற்ற தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை இதில் சேராது. சிடி4 350-க்குக் கீழே உள்ளவருக்கு அது தினம் ஒன்று, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

மாத்திரை டப்பா யார் கையில்?

இல்லத்துக்குள் யாரும் மாத்திரை தவறவிடுவதில்லை. மணியடித்ததும் சிஸ்டர் தட்டோடு வந்து நிற்பார். வாயைத் திறந்து காட்டச் சொல்வார். பதிவேட்டில் நூற்றுக்கு நூறு. வீட்டுக்குப் போன நான்காம் மாதம் வைரஸ் அளவு ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். காரணம் எளிது: அவர் மாத்திரை போடப் பழகவே இல்லை, வாய் திறக்கப் பழகியிருக்கிறார்.

ஆகவே அனுப்புவதற்கு மூன்று வாரம் முன்பே டப்பா அவர் கைக்குப் போக வேண்டும். முதல் வாரம் அவர் எடுக்க, சிஸ்டர் பார்ப்பது. இரண்டாம் வாரம் பார்ப்பதை விட்டு, மூன்று நாளுக்கொரு தரம் எண்ணிப் பார்ப்பது. மூன்றாம் வாரம் மணியையும் நிறுத்தி, அவருடைய கைபேசி அலாரத்தையோ, பள்ளி மணி, தொலைக்காட்சிச் செய்தி என்று ஊரிலும் கிடைக்கும் ஏதோ ஒரு அடையாளத்தையோ பிடித்துக்கொள்ள விடுவது. இந்த மூன்று வாரத்தில் மாத்திரை தவறினால் தவறட்டும். ஏன் தவறியது என்று பேச வாய்ப்புக் கிடைக்கிறதே. தவறியதற்குத் திட்டினால் அடுத்த முறை மாத்திரை கழிப்பறையில் போகும், எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும்.

இதை ஏற்க மறுக்கும் மூத்த சகோதரிகள் உண்டு. 'நம் பொறுப்பில் இருக்கும்வரை நாமே கொடுப்போம்' என்பது அவர்கள் வாதம். சாகிறவர்களைப் பார்த்த காலத்து நியாயம் அது. அன்றைக்கு அது சரிதான்.

திரும்பிப் போகும் பாதை

வீட்டுக்கு அனுப்புவதுதான் இந்தப் பணியிலேயே கடினமான பகுதி. பலவேளை உடம்பு தேறிய பிறகும் வீடு தேறுவதில்லை. கணவன் இறந்தபின் மருமகளை வெளியேற்றிய குடும்பம், சொத்துப் பங்கு கேட்பாளோ என்று பயப்படும். எச்ஐவி சட்டத்தின் 29-ஆம் பிரிவு இங்கே பயன்படும்: அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருபவருக்குப் பொதுவாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ உரிமை உண்டு, அங்கிருந்து விலக்க முடியாது. ஆனால் சட்டத்தை முதல் பேச்சிலேயே எடுத்தால் கதவு சாத்திக்கொள்ளும். முதல் தடவை நலம் விசாரிப்பு, இரண்டாம் தடவை குடும்பத்தில் நெகிழ்ந்த ஒருவரை இல்லத்துக்கு வரவழைத்து நோயாளியோடு ஒரே பந்தியில் சாப்பிட வைப்பது, பிறகு இரண்டு நாள் விடுப்பில் வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடைசிப் படி.

களப்பயணத்தில் நடக்கும் அசட்டுத் தவறு ஒன்று. இல்லத்தின் பெயரைக் கதவில் எழுதிய ஜீப்பும், அதிலிருந்து இறங்கும் துறவற உடையும். தெருமுனையில் நின்ற ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டின் ரகசியம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வண்டியில் பெயர் கூடாது. முதல் சந்திப்புக்குத் துறவற உடை போடாத களப்பணியாளர் போனால் நல்லது, அல்லது சகோதரி பேருந்தில் போகலாம். இல்லத்தின் பெயரிலேயே எய்ட்ஸ் என்று வைத்திருந்தவர்கள் காலப்போக்கில் அதை எடுத்தது இதனால்தான்; ஆதார் முகவரியிலும் பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் அந்தப் பெயர் ஏறிவிடுகிறதே.

கையில் கொடுத்தனுப்ப வேண்டியவை: சொந்த ஊருக்கு அருகிலுள்ள ஏஆர்டி மையத்துக்கோ இணைப்பு மையத்துக்கோ மாற்றுக் கடிதம், ஒரு மாதத்துக்குக் குறையாத மாத்திரை, காசநோய் மருந்து ஓடினால் அதன் அட்டை, அடுத்த வைரஸ் அளவுப் பரிசோதனைத் தேதி, வங்கிப் புத்தகம், ஓய்வூதிய மனு போட்டிருந்தால் அதன் நகல். மாற்றுக் கடிதத்தோடு அவர் புதிய மையத்தில் பதிந்தாரா என்று இரண்டு வாரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். பழைய மையத்தின் பட்டியலில் 'மாற்றப்பட்டார்', புதிய மையத்தில் வரவேயில்லை என்ற இடுக்கில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

குழந்தைகள், மரணம், பணம்

குழந்தைகள் விஷயத்தில் விதிகள் முற்றிலும் வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடுதான் தங்கலாம். பெரியவர்களின் வார்டில் ஓர் ஓரமாகக் குழந்தைகளையும் வளர்த்த பழைய முறை செல்லாது. பல சபைகள் குழந்தைகள் பிரிவை மூடியது இதனாலும், கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுப்பதால் பிறவித் தொற்று குறைந்ததாலும். இருக்கும் குழந்தைகள் இப்போது பதின்பருவத்தில் இருக்கிறார்கள். 'இது சளி மாத்திரை' என்று சொல்லி வளர்த்த பிள்ளை பதினான்கு வயதில் இணையத்தில் மாத்திரைப் பெயரைத் தேடித் தெரிந்துகொள்வதுதான் மிக மோசமான வழி. ஆறு வயதிலிருந்து சிறிது சிறிதாக, பன்னிரண்டுக்குள் பெயரோடு சொல்லிவிட வேண்டும். பெற்றோர் இல்லாத அண்ணன் தங்கைகளுக்கு எச்ஐவி சட்டத்தின் 32-ஆம் பிரிவு கைகொடுக்கும்: பன்னிரண்டு வயது நிரம்பி, குடும்பத்தை நடத்தும் பக்குவம் உள்ள மூத்த பிள்ளை, பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, சிகிச்சை போன்றவற்றில் தம்பி தங்கைக்குக் காப்பாளராகச் செயல்படலாம்.

இன்னமும் சிலர் இங்கேதான் இறக்கிறார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை வைத்துக்கொள்ள, 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற தகுதி போதும். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் வேண்டும். வாங்காமல் விடும் இல்லங்கள் சட்டத்தைவிடத் தங்கள் பயத்தால் விடுகின்றன. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இறந்தால் 21 நாளுக்குள் உள்ளாட்சியில் பதிவு. இந்துவுக்கு எரியூட்டல், முஸ்லிமுக்கு ஜமாத்தை அழைத்து அடக்கம் என்று அவரவர் முறை என்ன என்பதைச் சேர்க்கை நாளிலேயே கேட்டு எழுதி வைப்பது நல்லது. செபத்துக்கு வர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாத இல்லத்துக்கு இதில் தகராறு வருவதில்லை.

ஆணுறை பற்றிய கேள்வியைச் சுற்றி வளைக்க வேண்டாம். சபை நடத்தும் இல்லத்தில் பொதுவாக வழங்க மாட்டார்கள். அந்த ஆலோசனையை ஏஆர்டி மைய ஆலோசகரிடம் விட்டுவிடுவார்கள். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று என்றால் அந்த ஆலோசனை நடந்ததா என்று உறுதி செய்துகொள்ளும் பொறுப்பாவது இல்லத்துக்கு இருக்கிறது. வைரஸ் அளவு தட்டுப்படாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றுவதில்லை என்ற அறிவு வந்தபின் இந்தப் பேச்சு கொஞ்சம் இலகுவாகியிருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வந்த திருத்தம் சிறிய இல்லங்களைத்தான் இறுக்கியது. வெளிநாட்டுப் பணம் பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக்கு வந்துதான் போகும். மறைமாவட்டச் சமூகப்பணி மையம் மொத்தமாக வாங்கி, தனிச் சங்கமாகப் பதிந்திருந்த நாலைந்து இல்லங்களுக்குப் பகிர்ந்த வழி அதோடு அடைபட்டது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் செவிலியின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது, கணக்கரின் சம்பளம் சேரும். சிறு இல்லத்தில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்வார் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாது.

பணத்தைவிடப் பெரிய ஓட்டை இடமாற்றம். சபை வழக்கப்படி இல்லத் தலைவி மூன்று ஆண்டோ ஆறு ஆண்டோ முடிந்ததும் வேறு மடத்துக்குப் போவார். அடுத்து வருபவர் பள்ளி நடத்தியவராக இருக்கலாம். எந்த ஏஆர்டி மைய மருந்தாளர் எந்த நேரத்தில் இருப்பார், எந்த நோயாளியின் அக்கா மனம் மாறக்கூடியவர், எந்த ஊரில் ஜீப்பை நிறுத்தவே கூடாது என்பவை பழைய தலைவியின் தலையிலேயே போய்விடும். மருத்துவக் கோப்பைத் தவிர ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும்: வீட்டில் யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது, எந்தத் தாள் இன்னும் வரவில்லை, டப்பா அவர் கையில் கொடுத்தாயிற்றா, வீட்டுக்குப் போக எந்த மாதத்தைக் குறித்திருக்கிறோம். அந்தக் கடைசி வரி காலியாக இருக்கும் பக்கங்களைத்தான் புதிய தலைவி முதல் வாரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.